சின்னராசா மன்னன் கட்டிய குளம்

புளியங்குளத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் கிரவல் வீதியில், பாடசாலை வாசற்படலைக்கு நேர் எதிரே விமலேஸ்வரியின் போட்டோக்கொப்பிக் கடை. அவளுக்கு முப்பத்தாறு வயது. கடையில் ஒரு கணினி, ஒரு கலர் பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். குளத்தின் பேரையே ஊரின் பேராகக் கொண்ட விளாத்தியடிக்குளத்துப் பிள்ளைகள் தரம் ஆறு தொடக்கம் ஒன்பது வரை படித்ததெல்லாம் அந்தக் கடையில்தான். படிக்கப் பிள்ளைகள் வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. தாய்மார் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஆசிரியர்கள், பிள்ளைகள் வீட்டில் செய்துவர வேண்டிய ஒப்படைகளின் தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விஞ்ஞானத்துக்குக் குருதிச் சுற்றோட்டம், குடியியலுக்குப் பிரதேச சபை, விவசாயத்துக்குச் சேதனப் பசளை. காலையில் மாட்டுக் கொட்டிலைக் கூட்டிவிட்டு வருகிற பிள்ளைக்கும், எருவின் படத்தை இணையத்தில் எடுத்து ஒட்டினால்தான் புள்ளி. திங்கட்கிழமை எல்லாம் விமலேஸ்வரியின் பிரிண்டரிலிருந்து இறங்கி ஆசிரியர் மேசைக்குப் போகும். அட்டை மினுங்கினால் தொண்ணூறு, மினுங்காவிட்டால் அறுபது. அட்டையைத் திறந்து பார்க்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

இது விமலேஸ்வரிக்குத் தெரியும். தெரிந்ததால் அவளுக்கு ஆசிரியர்கள் மேல் ஒரு இளக்காரம். ஒரு முறை வரலாற்று ஆசிரியை கமலாசனி தரம் எட்டுக்கு ‘எங்கள் ஊர்க் குளம்’ என்று தலைப்புக் கொடுத்தார். அந்தக் குளத்தைப் பற்றி இணையத்தில் ஒரு வரியும் இல்லை. யாரிடமாவது கேட்டு எழுத விமலேஸ்வரிக்குப் பஞ்சியும் சோம்பலுமாக இருந்தது. ‘இக்குளம் பண்டைக் காலத்தில் சின்னராசா என்னும் மன்னனால் கட்டப்பட்டது’ என்று அடித்துவிட்டாள். சின்னராசா அவளுடைய அப்பா. உழவு மெசின் ஓட்டுகிறவர். யானைமேல் இருக்கும் யாரோ ஒரு அரசனின் படத்தையும் பக்கத்தில் போட்டாள். பிடிபட்டால் சிரித்துச் சமாளிக்கலாம் என்பது அவளுடைய எண்ணம்.

இருபத்தாறு பைல்கள் போயின. இருபத்தாறும் ‘மிக நன்று’ வாங்கிக்கொண்டு வந்தன.

பிறகு புவியியலில் நீர்ப்பாசனம் வந்தது. அதே வரிகளை அங்கேயும் போட்டாள். விவசாயத்தில் நெற்செய்கை வந்தது. அங்கேயும் மன்னர் எழுந்தருளினார். பாடங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கற்பியுங்கள் என்று கருத்தரங்கு வைத்து, பற்றிஸும் தேநீரும் கொடுத்து, அதிகாரிகள் பத்து வருடமாகச் சொல்லியும் நடக்காத காரியத்தைச் சின்னராசா மன்னர் ஒரு தவணையில் நடத்தி முடித்தார். அடுத்த வருடம் கமலாசனி ரீச்சர் அந்தப் பைலைக் கையில் வைத்துக்கொண்டு புதிய தரம் எட்டுக்குக் குறிப்புச் சொல்லி எழுதுவித்தார்.

அந்தத் தவணைப் பரீட்சை முடிந்து ஒரு கிழமையில் சுமித்திரா என்ற தாய் வினாத்தாளோடு கடைக்கு வந்தாள். ‘விளாத்தியடிக்குளத்தைக் கட்டிய மன்னன் யார்?’ என்று ஒரு கேள்வி, கீழே சின்னராசாவும் சேர்ந்த நாலு விடைகள். சுமித்திராவின் மகள் தர்மிளா நாலையும் வெட்டிவிட்டுக் கீழே எழுதியிருந்தாள்: ‘மன்னர் இல்லை. எங்கள் மூக்கன் தாத்தாவும் ஆட்களும்.’ அதன்மேல் சிவப்புப் பேனையால் பெரிய பிழைக் குறி.

“நீங்கதானே அக்கா ஒப்படையெல்லாம் செய்து குடுக்கிறது. இந்த ராசா எப்ப வந்தவர்?” என்று கேட்டாள் சுமித்திரா. “பிள்ளை எழுதின அந்தத் தாத்தா எங்கட மாமா. அவரும் ஆக்களும் எழுபத்தெட்டில தேயிலைத் தோட்டத்தை விட்டிட்டு வந்து, உடைஞ்சு காடாக் கிடந்த குளக்கட்டை மண் சுமந்து கட்டினவை. அவர் சொல்லிச் சொல்லித்தானே என்ர பிள்ளை வளர்ந்தது.”

மூக்கனை விமலேஸ்வரிக்குத் தெரியும். தோள் காய்த்துப்போயிருந்த மனிதர். நாலு வருடத்துக்கு முன் அவருடைய மரண அறிவித்தலை அடித்துக் கொடுத்தவளும் அவள்தான். அந்தக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் அவள் வீடும் சாப்பிட்டது. இத்தனை நாளும் ஆசிரியர்களைப் பார்த்துச் சிரித்தவளுக்கு முகம் சுட்டது. கடையைப் பூட்டிவிட்டுப் பாடசாலைக்குப் போனாள்.

அதிபர் தவராசாவின் அறையில் கமலாசனி ரீச்சரும் இருந்தார். விமலேஸ்வரி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“அந்தப் பிள்ளை எழுதினதுக்கு ஆதாரம் இருக்கோ?” என்று கேட்டார் அதிபர்.

“சின்னராசா மன்னருக்கு என்ன ஆதாரம் சேர்?”

“ஒப்படை இருக்கு. கலர் பிரிண்டில இருக்கு. மூண்டு பாடத்திலயும் இருக்கு.”

“சேர், சின்னராசா என்ர அப்பா. இப்பவும் வயலுக்குள்ள உழுதுகொண்டு நிக்கிறார். வேணுமெண்டா கூட்டிக்கொண்டு வாறன்.”

கமலாசனி ரீச்சர் மேசையைப் பார்த்தார். அதிபர் மட்டும் தளரவில்லை. “பிள்ளை, புள்ளி எல்லாம் பதிஞ்சு முடிஞ்சுது. மாத்தினா மேலிடத்துக்கு விளக்கம் எழுதவேணும். அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழு வேற வருகுது. இதை வெளியில கதைக்காதேங்கோ.”

தர்மிளாவின் ஒரு புள்ளி திரும்பி வரவில்லை.

அன்றோடு விமலேஸ்வரி ஒப்படை செய்து கொடுப்பதை நிறுத்தினாள். பிள்ளை தன் கையால் எழுதிக்கொண்டு வந்தால் மட்டும் அடித்துக் கொடுப்பதாகச் சொன்னாள். தாய்மார் அவளைத் திட்டிக்கொண்டு புளியங்குளச் சந்திக் கடைக்குப் போனார்கள். வேலை குறைந்த பின்னேரங்களில் அவள் சுமித்திராவைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களின் வீடு வீடாகப் போனாள். மண் சுமந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதினாள். முப்பத்தொரு பெயர்கள் கிடைத்தன. பெரிய எழுத்தில் அச்சடித்து, படலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தெரியும்படி கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். பிறகும் சனம் வந்து, “என்ர அப்பான்ர பேரை விட்டிட்டியளே” என்று சண்டைபிடித்ததில் பட்டியல் நாற்பதைத் தாண்டியது.

மதிப்பீட்டுக் குழு வந்தது. குளம் பற்றிய ஒப்படைகளைப் புரட்டி, பாட ஒருங்கிணைப்புக்கு நல்ல முன்மாதிரி என்று எழுதி, மத்தியானச் சாப்பாட்டோடு புறப்பட்டது. போகும்போது கடைக் கண்ணாடியை ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த தவணை வினாத்தாளிலும் அதே கேள்வி வந்தது. இம்முறை பதினான்கு பிள்ளைகள் நாலு விடைகளையும் வெட்டிவிட்டுக் கீழே கடைக் கண்ணாடியில் கண்ட பெயர்களை எழுதினார்கள். பதினான்கு பேருக்கும் பிழை போட்டார்கள்.