மர்லினும் அவள் பார்க்காத பாலைவனமும்

மர்லின் போய்விட்டாள். இன்று காலை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

என் ஒஃபிஸ் தோழி. பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து மேசை. கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரி, வாய் ஓயாதவள்.

வருகிற ஜனவரியில் நாங்கள் இருவரும் ராஜஸ்தானில் இருக்கிற பாலைவனத் தேசியப் பூங்காவுக்குப் போக டிக்கெட் போட்டிருந்தோம். கானமயில் என்கிற பெரிய பறவை அங்கே இருக்கிறது. அது அழிந்து போவதற்குள் ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று மர்லினுக்குப் பைத்தியம்.

வாழ்நாளில் அவள் பாலைவனம் பார்த்ததே இல்லை. ஆனால் யூடியூப் பார்த்துப் பார்த்து, அங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி டிப்ஸ் தருவாள்.

"காத்தடிக்கேக்க லென்ஸை மாத்தாதேயும், மண் போனால் கமரா முடிஞ்சுது. விடியவும் பொழுது படேக்கயும்தான் படம். மத்தியானம் பேசாமல் நித்திரை கொள்ளும்."

ஒருநாள் நான் பயணத்துக்குக் கொண்டுபோக எழுதிய லிஸ்டைப் பார்த்தாள். குடை, ரெயின்கோட், மெல்லிய சட்டைகள்... மேசையில் அடித்துச் சிரித்தாள்.

"வெயில் மட்டும் எண்டு நினைச்சீரோ? விடிய ஜீப்பில போகேக்க பல்லு கிடுகிடுக்கும். சுவெட்டர் எடும்!"

கொழும்பில் சுவெட்டருக்கு நான் எங்கே போவது?

பயிற்சி எடுக்காமல் போகக் கூடாதாம். ஆகவே ஒரு ஞாயிறு காலை, கல்கிசைக் கடற்கரை. ஒரு கிலோ மைசூர்ப் பருப்பைத் தலையணை உறையில் கட்டிக்கொண்டு வந்தாள், கமரா ஆடாமல் அதன் மேல் வைக்க.

"படம் எடுக்கப் போற மணலில முதலே நடக்காதேயும். பிறகு படம் முழுக்க உம்மட செருப்புத்தான்."

தூரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அதை மான் என்று நினைக்கச் சொன்னாள். பருப்பு மூட்டையில் லென்ஸை வைத்து, குப்புறப் படுத்து, மூச்சுக் காட்டாமல் கிடந்தாள். மயங்கிவிட்டாள் என்று நினைத்து, வோக்கிங் வந்த ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு "நோனா! நோனா!" என்று சிங்களத்தில் அம்மா, அம்மா எனக் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

நாய் எழும்பி ஓடிவிட்டது. "ஐயோ, என்ர மான்!" என்றாள் மர்லின். அந்த மனுசன் எங்களைப் பார்த்த பார்வை...

திங்கட்கிழமை லஞ்சுக்கு அந்தப் பருப்புத்தான். எனக்கும் தந்தாள். கொஞ்சம் மண் கடித்தது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பறவையில் அவ்வளவு ஆசை இல்லை, மர்லினோடு ஊர் சுற்றத்தான் ஆசை. ஐம்பத்திரண்டு வயதாகியும் தனியாக பிளேன் ஏறியதே இல்லை. செய்தி கேட்டு அழுதுகொண்டிருக்கும்போதே, டிக்கெட்டைக் கான்சல் பண்ண வேண்டும் என்று தோன்றியது. வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். மர்லினின் கணவர் உள்ளே போய் அவளுடைய கமராப் பையை எடுத்துவந்தார்.

"ஜனவரியில போறீங்க தானே?"

ஏதாவது சாட்டுச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம், போறன்" என்று வந்துவிட்டது.

பையை என் தோளில் மாட்டிவிட்டார். நல்ல பாரம்.

போயிட்டு வாரும், மர்லின். நானும் போயிட்டு வாறன்.