அக்காவின் மேல் வைத்த கல்

என் பெரியப்பா மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நல்ல மனிதர்தான், யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக ஓடுவார். ஆனால் எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, செத்துப்போன என் அக்காவை ஒரேயடியாக அடைத்துப்போடப் பார்த்தவர் அவர்.

அக்கா மழைக்காலத்துக் காய்ச்சலில் போனாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: அழக்கூடாது, அக்கா தூங்குகிறாள், கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எழுந்து வருவாள். அதிலும் பெரியப்பாதான் அடித்துச் சொன்னார். சபையில் பைபிள் வாசிக்கிறவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்? கடைசி நாள் என்றைக்கு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் அக்காவின் செருப்பைத் துடைத்து என் கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருந்தேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து எங்கள் வீடு ரொம்ப தூரம், வெறுங்காலோடு எப்படி நடந்து வருவாள்?

எங்கள் சபையார் ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையைக் கல்லறைத் தோட்டத்தில்தான் நடத்துவார்கள். முந்தின நாளே குடும்பம் குடும்பமாகப் போய்ப் புல் செதுக்கி, வெள்ளையடித்து, பூ வைத்துவிட்டு வருவோம். ஈஸ்டர் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம். அந்த வருடமும் வண்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா எந்தப் போலீஸ்காரரிடம் எப்படிக் கெஞ்சினாரோ, ஒரு மினி லாரியை உள்ளே கொண்டுவந்துவிட்டார். அதில் ஒரு கறுப்பு கிரானைட் பலகை. அக்காவின் மண்மேடு முழுவதையும் மூடுகிற அளவு. ஆறு பேர் கடப்பாரை போட்டு இறக்கினார்கள். பக்கத்தில் கொத்தனார் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்.

"இம்மாம் பெரிய கல்ல வெச்சா அக்கா எப்டி வெளிய வரும்?" என்று கேட்டேன்.

பெரியப்பா சிரித்தார். "ஆண்டவரோட கல்லறையில இருந்த கல்ல தேவதூதன் பொரட்டிப் போடலியா? அந்த மாதிரிதான் பாப்பா."

"அது பொரட்டுற கல்லு. இதுக்கு சிமெண்ட் பூசுறீங்களே!"

அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரியப்பா போனை எடுத்து நீட்டி, இன்னொரு தரம் சொல்லு, சித்தப்பாவுக்கு அனுப்பலாம் என்றார். எழுந்து வருவாள் என்று சொன்னதும் இதே வாய்கள்தானே! வருவாள் என்று நம்புகிறவர்கள் இப்படி ஒட்டிப் பூசுவார்களா? நம்பவில்லை என்றால் என்னிடம் எதற்குச் சொன்னார்கள்? மண்மேட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். பெரியப்பா கையைப் பிடித்து இழுத்தார். நன்றாகக் கடித்துவைத்தேன்.

கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. கீழ்பென்னாத்தூர்க்காரர், நெற்றி நிறைய விபூதி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா கேக்கறது நாயந்தான சார்" என்றார். அவருக்கு இருந்த பக்தி எங்கள் ஆட்களுக்கு இல்லை.

தள்ளிப் பூக்கூடையோடு நின்றிருந்த அம்மாதான் வந்தார். என்னைத் தூக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. கொத்தனாரைப் பார்த்து, "சிமெண்ட் வேணாங்க. கல்ல சும்மா வெச்சுட்டுப் போங்க" என்றார். கல் ஆடும், விரிசல் விடும் என்று பெரியப்பா என்னென்னவோ சொல்லிப்பார்த்தார். அம்மா அசையவில்லை. நான் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு பெரியப்பாவுக்குப் பழிப்புக் காட்டினேன்.

கிளம்பும்போது அம்மா தோட்டத்துக் காவல்காரரிடம் போனார்.

"குழி எத்தினி அடிங்க?"

"எட்டடி இருக்கும்மா. ஆழமாத்தான் போட்டோம்."

"அப்ப மேல எடம் இருக்குதில்ல?"

"தாராளமா இருக்குதும்மா."

அக்கா எழுந்து உட்கார இடம் போதுமா என்றுதான் அம்மா விசாரிக்கிறார் என நினைத்தேன். பெரியவர்களில் ஒருவராவது சொன்னதை நம்புகிறாரே என்று எனக்கு அப்படியொரு நிம்மதி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிரிவலக் கூட்டத்துக்குள் குதித்துக் குதித்து நடந்து வந்தேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கம்மி என்பதும், அதனால் ஒரே குழியைப் பிற்பாடு திறந்து அந்த வீட்டில் இன்னொருவரையும் மேலே வைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது.