தலைவலிக்காரரின் ஜெபம்

நாடு விட்டு வந்து புக்கெகோஹியில் நான் வேலை பார்க்கும் வெங்காய ஷெட்டில், மதியச் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடினால் பனடோல் மாத்திரை கிடைக்கும். சேர்ந்த முதல் வாரம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நெற்றியில் விரல் வைத்து ஜெபித்தேன். கண் திறந்தால் எதிரே சூப்பர்வைசர் கேரன், மாத்திரையும் தண்ணீருமாக நிற்கிறார். தலைவலியா என்று கேட்டார். ஜெபம் என்று சொல்லியிருக்கலாம். லேசாக என்றேன். குருவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்காவது சேவல் கூவியது. எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்தான் கேட்டது. அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை.

இத்தனைக்கும் பாளையங்கோட்டையில் நான் ஒளிக்குப் பஞ்சமில்லாத ஆள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்குவதுபோல் நடித்தாலும் அவர் மடியில் சுவிசேஷக் கைப்பிரதி வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். ஞாயிறன்று ஜிப் வைத்த வேதாகமத்தை இடுக்கிக்கொண்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று சுற்றுவழியாகக் கோயிலுக்குப் போவேன். விளக்கை மரக்காலால் மூடக் கூடாது, விசுவாசத்தை மறைக்கக் கூடாது என்று ஓய்வுநாள் பள்ளியில் வருடக்கணக்காகப் பாடம் எடுத்தவன். இங்கே வந்து நானே மரக்காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வசதியாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை வீக்எண்ட் எப்படி என்று கேட்பார்கள். பக்கத்து ஊர் பாபகூராவில் மூன்று மணி நேரம் நடந்த ஆராதனையை, சும்மா வீட்டில் இருந்தேன் என்று சுருக்கிவிடுவேன்.

யாழ்ப்பாணத்து வசந்திக்கு மட்டும் விஷயம் தெரியும். வெங்காயம் ஓடும் பெல்ட்டில் என் எதிரே நின்று அழுகல் பொறுக்குகிறவர்.

"அண்ணை, நீங்கள் வேதக்காரர் எண்டு சொன்னா கேரன் கடிச்சோ போடுவா? நான் நெத்தி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வாறன். நீங்கள் குளிசை வாங்கிறியள்."

வாங்கிய மாத்திரையை விழுங்கவில்லை, சட்டைப்பையில்தான் போட்டேன் என்பது பெரிய வாதமாகத் தோன்றவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் கேரன் எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தார். கணவர் கிரேக்குக்கு மறுநாள் காலை இருதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் ஜெபிக்கத் தெரியாது. வசந்தியின் நெற்றியைப் பார்த்து, இந்த ஷெட்டில் கடவுளோடு பேசுகிற ஆள் நீ ஒருத்திதானே, அவருக்காக வேண்டிக்கொள்வாயா என்று கேட்டார். வசந்தி கட்டாயம் என்று சொல்லிவிட்டு, கரண்டியை என் பக்கம் நீட்டி, இவரும் தினம் ஜெபிக்கிறவர்தான், தலைவலி ஒன்றும் இல்லை என்றார்.

கேரன் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்போது செய்ய முடியுமா? எனக்குக் கேட்கிற மாதிரி."

என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் இன்னொருவர் மனைவியின் கையைப் பிடித்தா ஜெபிப்போம்? இங்கிலீஷில் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்குமேல் வரவில்லை. சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்கக்கூட என்னிடம் இருந்த இங்கிலீஷ் போதவில்லை. தமிழுக்கு மாறினேன். ஷெட்டே திரும்பிப் பார்க்கும் குரல் எங்கிருந்தோ வந்தது. வசந்தி கைகூப்பியது அவர் வளையல் சத்தத்தில் தெரிந்தது. மூடிய கண்ணுக்குள் பாளையங்கோட்டைக் கோயில் மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. கையில், கேரனின் விரல்களில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகு உரசியது. ஆமென் சொன்னால் கண்ணைத் திறந்து கேரனைப் பார்க்க வேண்டும். கிரேக்கின் பெயரை இன்னொரு முறை சொன்னேன்.