நெல் வெட்ட எந்த இலக்கு

எங்கள் பீடத்தில் ஒவ்வொரு விரிவுரையாளரும் வருடத் தொடக்கத்தில் வேலைத்திட்டம் கொடுக்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு வேலையும் பல்கலைக்கழகத்தின் ஏதாவதொரு இலக்கின் கீழ் வரவேண்டும். வராத வேலைக்குப் போய்வரப் பீடத்து வான் வண்டியைத் தரமாட்டார்கள். இதை யோசித்தவர் கிளிநொச்சி வெயிலில் ஒருநாளும் வயலில் நின்றிருக்கமாட்டார்.

என்னுடைய இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஸ்கந்தபுரத்தில் ஒரு கமக்காரரின் வயலில் நெல்லினங்களை ஒப்பிட்டு ஆய்வு செய்தாள். கயிறு கட்டிப் பிரித்த சிறு துண்டுகள், துண்டுக்கு ஓர் இனம். ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி நிறுக்க வேண்டும். கலந்துவிட்டால் ஆய்வு போயிற்று, பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். தகப்பன் கூலி வேலை செய்து படிப்பிக்கிறவர். ஒரு வருடம் அந்த வீட்டுக்குச் சின்ன விஷயமில்லை.

ஒருநாள் காலையில் கமக்காரர் போன் எடுத்தார்.

"மிஸ், வெட்டுற மிசின் நாளைக்கு வருதாம். விட்டா பேந்து எப்ப வருமெண்டு சொல்லேலாது. மழையும் இருட்டிக்கொண்டு நிக்குது."

"எங்கட துண்டுகளை விட்டிட்டு வெட்டச் சொல்லுங்கோ அண்ணை."

"அவன் வரம்பையே பாக்கமாட்டான், உங்கட கயிறையோ பாக்கப்போறான்? வெள்ளன வந்து வெட்டிப்போடுங்கோ."

வான் கேட்டுத் துறைத்தலைவரிடம் போனேன். அவரும் களைத்துப்போன மனிதர்தான். என் வேலைத்திட்டத்தைக் கணினியில் திறந்து பார்த்தார்.

"இதில அறுவடை இல்லையே."

"மாணவர் ஆய்வு எண்டு போட்டிருக்கிறன் சேர்."

"அது கற்பித்தல் இலக்கு. வயலுக்குப் போறதெண்டா சமூகத் தொடர்புக்குக் கீழ வரவேணும். அதுக்கு ஒரு பயிற்சிப் பட்டறையாவது காட்டவேணும்."

"நெல்லு வெட்டேக்க ஆருக்குப் பட்டறை? கொக்குகளுக்கோ?"

சிரித்தார். "திருத்தித் தாங்கோ. குழு வாற கிழமை கூடுது."

"அப்ப நெல்லையும் வாற கிழமை மட்டும் நிக்கச் சொல்லுங்கோ."

முன்பென்றால் கத்தியிருப்பேன். கத்திக் கத்திக் கண்டது, அடுத்த வருடப் படிவத்தில் இன்னொரு கட்டம். லீவு போட்டேன். என் உத்தியோகத்தைச் செய்ய என் லீவு.

மறுநாள் விடிய ஸ்கூட்டியில் போனோம். மாணவி பின்னால் தராசை மடியில் வைத்திருந்தாள். தகப்பன் அரிவாளோடு சைக்கிளில் வந்திருந்தார். மூவரும் குனிந்து வெட்டத் தொடங்கினோம். பாதியிலேயே என் முதுகு விட்டுவிட்டது. நாங்கள் முடிக்குமுன் மிசின் வந்து மறுகரையில் வெட்டத் தொடங்கி, எங்கள் கயிற்றுக்குக் கிட்ட வந்துவிட்டது. கமக்காரர் ஓடிப்போய் முன்னால் நின்றார்.

"பொறடா! பிள்ளையின்ர சோதினை கிடக்கு."

"வயலுக்கையோ சோதினை எழுதுறவை?" என்று கேட்ட மிசின்காரன், இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வரம்பில் குந்தினான். "கெதியா எழுதச் சொல்லுங்கோ."

கடைசித் துண்டையும் வெட்டி, தராசில் நிறுத்துச் சாக்கில் கட்டினோம். பிறகுதான் மழை வந்தது.

திருத்திய வேலைத்திட்டம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. ஒரு பட்டறையை எழுதிக் கொடுத்தேன். குழு பாராட்டி ஏற்றுக்கொண்டு வானும் ஒதுக்கியது. அப்போது அந்த வயலில் மாடுகள் மேய்ந்தன. பட்டறையை நான் இன்னும் நடத்தவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.