பினாங்குக்குப் போன பிளேட்டு

எங்கள் பேண்டு செட்டுக்குப் பினாங்கிலிருந்து அழைப்பு வந்த ஆண்டு 1947. நாற்பத்தாறு என்று எங்களில் சிலர் இன்றும் சாதிப்பார்கள். கிராமபோன் பிளேட்டு போட நாங்கள் சென்னைக்குப் போனது சித்திரையில். அதற்குப் பதில் வந்தபோது சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷத்து டைரியில் நான் ஒருநாள்கூட விட்டதில்லை என்பதால் இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

நாங்கள் ஒன்பது பேர். மாஸ்டர் முதல் கிளாரினெட், நான் இரண்டாவது. பெரிய டிரம் அடித்தவர் மாஸ்டர் மனைவியின் அண்ணன். அரியலூர் கடைத்தெருவில் மாஸ்டருக்குச் சைக்கிள் ரிப்பேர் கடை இருந்தது. நான் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூரிலிருந்து உடையார்பாளையம் வரை, முகூர்த்தம் குறிப்பதற்கு முன்பே அந்த நாளில் மாஸ்டர் கிடைப்பாரா என்று கேட்டு ஆள் அனுப்புவார்கள். ஏலாக்குறிச்சித் தேர்பவனிக்கு எங்களைத் தவிர வேறு செட்டைக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

சண்டை முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். திருச்சிக்குப் போய் மாஸ்டர் ஒன்பது ஜோடி பூட்ஸ் எடுத்துவந்தார். குதிகாலில் இரும்பு லாடம் அடித்தவை. அவர் கையால் தாளம் காட்டியதே இல்லை. அவருடைய இடது குதிகால் தரையில் விழும் சத்தம்தான் எங்களுக்கு அளவு. ஒத்திகைகூட நடந்துகொண்டேதான். விடிகாலையில் ஸ்டேஷன் ரோட்டில் வாசித்துக்கொண்டே போய், வாசித்துக்கொண்டே திரும்புவோம். எதிரே வரும் மாட்டுவண்டிகள் ஒதுங்கி வழிவிடும். ஓரிடத்தில் இருந்து வாசித்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஊர்வலத்துக்கு அது தேவைப்படவும் இல்லை.

உடையார்பாளையம் பக்கத்துக்காரர் ஒருவர் பினாங்கில் கடை வைத்திருந்தார். சண்டைக் காலம் முழுக்க அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தவர், நாற்பத்தேழு தை மாதம் மகள் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தார். குன்னம் பக்கம் பருத்தி எடுப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்தில் மனிதர் மாப்பிள்ளையை விட்டுவிட்டு எங்களோடேயே நடந்தார்.

"இந்த மாதிரி ஒரு செட்டு அங்க கிடையாதுங்க," என்றார். "ஜனங்க கூடுற பெரிய பார்க் இருக்கு. மேடை, லைட்டு எல்லாம் உண்டு. பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூருன்னு ஆறு மாசம் சுத்தலாம். ஆனா பார்க் ஓனரு சீனாக்காரரு. காதால கேட்டாத்தான் ஒத்துக்குவாரு. பட்டணத்துல ஒரு பிளேட்டு போட்டுக் குடுத்துடுங்க. மத்ததெல்லாம் என் பொறுப்பு."

மறுநாளே மாஸ்டர் என்னை மலேயா மேப் வரையச் சொல்லிக் கடைச் சுவரில் ஒட்டினார். பஞ்சர் ஒட்ட வருகிறவர்களுக்கெல்லாம் ஈப்போ எங்கே இருக்கிறது என்று பசை படிந்த விரலால் காட்டுவார். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அதுவரை அவர் பார்த்த கடல், ஒருமுறை வேளாங்கண்ணியில் பார்த்ததுதான்.

டிரம்முக்காரருக்கு வேறு கவலை. "கப்பல்ல டிரம்முக்குத் தனி டிக்கெட்டு கேப்பானா தம்பி?" என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார்.

சென்னையில் ஒரு கம்பெனியின் ஒலிப்பதிவு அறைக்குப் போனோம். சுவரெல்லாம் கனத்த துணி, கீழே பலகைத் தரை, நடுவில் ஒரே ஒரு மைக். பதிவு செய்பவர் நல்ல மனிதர். ஒன்பது நாற்காலிகளை அவரே இழுத்துப் போட்டார்.

"மூணு மெழுகுத் தட்டு இருக்கு. மூணு நிமிஷத்துல முடிக்கணும். சிவப்பு விளக்கு எரிஞ்சா ஆரம்பிங்கோ."

விளக்கு எரிந்தது. உட்கார்ந்தபடியே மாஸ்டர் குதிகாலைத் தட்டினார். எங்கள் கால்களும் தாமாகத் தட்டின. பதிவு செய்பவர் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"குதிரை லாயத்துல வந்து எடுக்கிற மாதிரி இருக்கு சார். பூட்ஸைக் கழட்டிடுங்கோ."

கழற்றினோம். இப்போது மாஸ்டரின் கால் யாருக்கும் கேட்கவில்லை. டிரம் முன்னால் ஓடியது, டிரம்பெட்டுகள் பின்தங்கின, நான் இரண்டுக்கும் நடுவில் தடுமாறினேன். இரண்டாவது மெழுகும் போயிற்று.

"எந்திரிச்சு நடந்துக்கிட்டே வாசிக்கிறோமே சார்," என்றார் மாஸ்டர்.

"எங்கே நடப்பீங்க? ரூமே இவ்வளவுதான்."

"நின்ன எடத்துலயே காலை மாத்திப் போடுறோம்."

ஜமக்காளம் விரித்து, வெறுங்காலோடு வரிசையாக நின்றோம். ஒரு நிமிஷம் அருமையாகப் போயிற்று. ஆனால் வருஷக்கணக்காக முன்னோக்கியே போன கால்கள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அடி அடியாக வரிசை நகர்ந்தது. முன்னால் இருந்த மாஸ்டர் மைக்கை முட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் எங்களைப் பின்னுக்குப் போகச் சொல்லி இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளினார். பாட்டு முடிவதற்குள் யாரால் நிறுத்த முடியும்? அதுதான் கடைசி மெழுகு.

பிளேட்டு தயாராகி வந்ததும் எங்கள் ஜவுளிக்கடை முதலாளி வீட்டுக் கிராமபோனில் போட்டுக் கேட்டோம். தொடக்கத்தில் ஒன்பது பேரும் இருந்தோம். போகப்போக மாஸ்டரின் கிளாரினெட் மட்டும்தான் கேட்டது. மற்ற எட்டுப் பேரும் அடுத்த தெருவில் எங்கோ வாசித்துக்கொண்டிருந்தோம்.

"என் அடி எங்க மாப்ள?" என்றார் டிரம்முக்காரர்.

"நானும் அதைத்தான் தேடுறேன் மச்சான்."

வேறு வழியில்லாமல் அதையே பினாங்குக் கடைக்காரருக்குக் கப்பலில் அனுப்பினோம். பதில் ஐப்பசியில் வந்தது. சைக்கிள் கடையில் வைத்து நான்தான் வாசித்துக் காட்டினேன். பார்க் ஓனர் பிளேட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம். கிளாரினெட்காரர் உடனே வரலாம், கப்பல் டிக்கெட் அனுப்புகிறோம், மற்ற வாத்தியங்களுக்கு அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. மாஸ்டர் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எட்டு நாள் அது அங்கேயே இருந்தது. ஒன்பதாம் நாள், ஸ்டேஷன் ரோட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது சட்டென்று நின்றார்.

"எழுதிப்புடு தம்பி. செட்டோட கூப்பிட்டா வரேன். இல்லேன்னா வரலேன்னு எழுதிப்புடு."

டிரம்முக்காரர் கழுத்திலிருந்து டிரம்மைக் கழற்றி ரோட்டில் வைத்தார். "எழுதாத தம்பி," என்றார் என்னிடம். பிறகு மாஸ்டரிடம் திரும்பி, "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு மாப்ள. எட்டுப் பேரு மேல ஏன் பழியப் போடுற? நாளைக்கி என் தங்கச்சி கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஒத்தையில போயி நான் என்ன பண்ணுவேன் மச்சான்?"

"உக்காந்து வாசிக்கக் கத்துக்க. நாற்காலி அவனே குடுப்பான்."

முதலில் டிரம்பெட்காரர்கள் சிரித்தார்கள். கொஞ்சம் கழித்து மாஸ்டரும் சிரித்தார். அன்று மத்தியானமே, அவர் வருகிறார் என்று நான் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

கார்த்திகை இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை காலை, திருச்சி பாசஞ்சரில் அவரை ஏற்றிவிட்டோம். அங்கிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏற வேண்டும். எட்டுப் பேரும் சிவப்புக் கோட்டும் பூட்ஸுமாக வாத்தியங்களோடு பிளாட்பாரத்தில் நின்றோம். நான் கிளாரினெட்டை எடுத்தபோது மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாசிக்காதீங்க. வாசிச்சா என் காலு வண்டியில ஏறாது."

அதனால் சும்மா நின்றோம். வண்டி பத்து நிமிஷம் தாமதம்.

அன்று சாயங்காலம் குன்னத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு முன்பே ஒத்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் நான் நின்றேன். பெண்ணின் அப்பா எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"மாஸ்டர் எங்கங்க? அவரு வருவாருன்னுதான உங்கள வெச்சோம்."

என்ன சொல்வதென்று நான் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து டிரம்முக்காரர் சொன்னார்: "மாஸ்டர் பினாங்கு போயிருக்காருங்க. அங்க கூப்பிட்டிருக்காங்க."

பெண்ணின் அப்பா ஊர்வலத்தைக் கிளப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். ஊர்வலம் பிள்ளையார் கோயிலைத் தாண்டுவதற்குள் டிரம்முக்காரர் அதையே இன்னும் நான்கு பேரிடம் சொன்னார். அந்த நான்கு பேரும் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.