பால்பவுடர் டின்னில் இருந்த எழுத்துகள்

அரபி எழுத்துரு ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்தில் யாரோ பால்பவுடர் டின்னைத் திறந்தார்கள். அந்த வாசனையில், சாலையை அகலப்படுத்த இடித்துவிட்ட எங்கள் மாரண்டஹள்ளி வீட்டுச் சமையலறை அப்படியே நினைவில் எழுந்தது. குவைத்தில் லாரி ஓட்டிய அப்பா அனுப்பிய டின்கள் அங்கே பருப்பும் புளியும் அடைத்து வரிசையாக இருக்கும். பள்ளிவிட்டு வந்ததும், அம்மா தக்காளிக் காட்டிலிருந்து திரும்பும்வரை தனியாக உட்கார்ந்து, அவற்றில் இருந்த அரபி எழுத்துகளை நோட்டில் வரைவேன். ஒன்றின் வால் அடுத்ததைத் தொட்டுக்கொண்டே ஓடும். மேலும் கீழும் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அதுதான் அப்பாவின் பாஷை என்று நம்பினேன். வரைய வரைய அவர் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும்.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பா ஒரேயடியாக ஊர் திரும்பினார். வந்த மறுநாளே நோட்டுகளை அவர் மடியில் வைத்தேன்.

"இதுல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுக் காட்டுங்கப்பா."

ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது பாப்பா. எட்டு வருசமும் கட்டடத்த அடையாளம் வெச்சுத்தான் வண்டி ஓட்டுனேன்."

அவ்வளவு தூரத்தில் அவரும் என்னைப்போல இந்த எழுத்துகளைத் தனியாக, வெறுமனே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.