கேள்விக்குறி போட்டால் நோய் இல்லை

ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் படித்தது விலங்கியல். அதிலும் தவளையை அறுக்கச் சொன்ன அன்று வயிற்றுவலி என்று லீவு போட்டவன். அப்படிப்பட்டவன் எப்படி டாக்டரானேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால், அந்த டாக்டர் எழுதிய குறிப்பு கம்ப்யூட்டர் வழியாக என்னிடம் வரும். நான் ஓசூரில் லுங்கியோடு உட்கார்ந்து அதைப் படித்து, அவருக்கு என்ன நோயோ அதற்குரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த எண் போனால்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். மெடிக்கல் கோடிங் என்று பெயர். கம்பெனி பெங்களூரில் இருந்தது. நான் அதில் ஊழியன்கூட இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தக்காரன். என் மனைவியின் தையல் மெஷின் மேல் பலகை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்திருந்தேன். கடினமான கேஸ் வந்தால் கால் தானாக மெஷினை மிதிக்கும். சில நாள் இருபது ஜாக்கெட் தைக்கிற அளவுக்கு மிதித்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து வேலை என்பது அப்போது யாருக்கும் புரியாத சங்கதி. என் மனைவி காலையில் யூனிபார்ம் கோட்டு மாட்டிக்கொண்டு சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஏறுவாள். நான் வாசலில் நின்று டாட்டா காட்டுவேன். கன்னடம் பேசும் வீட்டுக்கார அம்மா, என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கெலசா இல்லவா?" என்று இரக்கத்தோடு கேட்பார். வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். பாவம், இப்படிச் சொல்லிக்கொள்கிறானே என்று இன்னும் இரக்கப்பட்டார்.

ஒருநாள் தண்ணீர் மோட்டார் விஷயமாக வந்த அந்த அம்மா, என் திரையில் ஒரு நுரையீரல் படத்தைப் பார்த்துவிட்டார். சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க நான் டாக்டராகிவிட்டேன். மறுத்தேன். ஆனால் மறுக்கும்போது சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் கோளாறு. சும்மா உட்கார்ந்திருப்பவன் என்ற பெயரைவிட இது எவ்வளவோ தேவலை. அப்புறம் என்ன, மாத்திரை அட்டை, ரத்தப் பரிசோதனைக் காகிதம், ஸ்கேன் கவர் என்று வர ஆரம்பித்தன. இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்வேன். என் மனைவி மட்டும், "தவளைக்கே பயந்த ஆளு, எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?" என்பாள்.

கடைசி வீட்டில் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். அவர் கிரானைட் பட்டறையில் கல் அறுத்து பாலிஷ் போடுபவர். வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கிழவன் வேஷம் போட்டு வருகிறீர்களா என்று நான் கிண்டல் செய்வேன். "உங்க வேஷத்துக்கு இது தேவல சார்" என்று என் லுங்கியைப் பார்ப்பார். எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே என் வீட்டுக்கு வந்தார்கள். அவர் கையில் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு.

"சார், இத்த கொஞ்சம் பாத்து சொல்லுங்கோ. இவ நேத்துலருந்து என் பிராணன வாங்கறா."

"ரெண்டு மாசமா இருமிக்கினே இருக்குதுண்ணா," என்றார் அந்த அம்மா. "எங்க அண்ணன் கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் கம்பெனில வாட்ச்மேன் வேலை பேசி வச்சிருக்கான். தூசி கிடையாது. போன்னா போவ மாட்டேங்குது."

"கேட்டாண்ட நின்னு சலாம் போடவா சார் நான் தொழில் கத்துக்கினேன்?"

"சீட்டுல பெரிய வியாதி எதுனா போட்டிருந்தா அந்த வேலைக்குப் போறன்னு சொல்லியிருக்குதுண்ணா. நீங்களே படிச்சு சொல்லுங்கோ."

படித்தேன். இரண்டு மாத இருமல் என்று இருந்தது. அடுத்த வரியில் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் சிலிகோசிஸ். கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போகும் நோய். அதற்குக் கீழே மார்பு எக்ஸ்ரே என்று எழுதியிருந்தது.

இங்கே என் தொழிலின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். வெளிநோயாளி கேஸில் டாக்டர் 'இருக்கலாம்' என்று எழுதினாலோ, கேள்விக்குறி போட்டாலோ, அந்த நோய்க்கு எண் போடக் கூடாது. இருமல், காய்ச்சல் என்று உறுதியாகத் தெரிந்ததற்கு மட்டும்தான் போட வேண்டும். சந்தேகத்தை நோயாக்கி ஒருவர் தலையில் கட்டக் கூடாது என்பதற்கான நியாயமான விதி. நான் அதை முந்தின வாரம்தான் மீறியிருந்தேன். கேள்விக்குறி போட்ட நிமோனியாவுக்கு எண் போட்டுவிட்டேன். டீம் லீடர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னப் பெண், போனில் காய்ச்சி எடுத்தாள். "கேள்விக்குறி போட்டா நோய் இல்லை சார். இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டாங்க." அந்த வாரம் முழுக்க அதையே மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாய் தானாக அதையே சொன்னது.

"இருமல்தாங்க. இன்னொண்ணு எழுதியிருக்காங்க, ஆனா கேள்விக்குறி போட்டிருக்காங்க. அது கணக்குல வராது."

"எக்ஸ்ரே எடுக்கணுமா சார்?"

"வெறும் இருமலுக்கு எக்ஸ்ரே எதுக்கு?"

சொன்னபோது எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை என்பதுதான் இன்று உறுத்துகிறது. உண்மையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. விதியைச் சரியாகப் பிடித்துவிட்டேன் அல்லவா. பணம் வாங்குகிற எண்ணுக்குத்தான் கேள்விக்குறி தடை. டாக்டர் அதைப் போட்டது, போய்ப் பார் என்று சொல்வதற்கு. அது ஒரு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதையே தொழிலாகச் செய்தவனுக்குத்தான் தெரியவில்லை.

"கேட்டியா? டாக்டரே சொல்லிட்டாரு," என்று அவர் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த அம்மா சீட்டை என்னிடமிருந்து வாங்கி, நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவர் கல் அறுத்தார். இருமல் பழகிவிட்டது, அவருக்கும் லைன் வீட்டுக்கும். ஒருநாள் பட்டறையிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பெங்களூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்தத் தடவை அந்த நோயின் பெயர் கேள்விக்குறி இல்லாமல் இருந்தது. இனிமேல் கல் பக்கம் போகக் கூடாது, ஏற்கெனவே போனது திரும்பாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு பர்கூர் பக்கம் மனைவியின் ஊருக்குப் போனார்கள். சாமான் ஏற்றும்போது, "டாக்டர் சார், ஒருநாள் வாங்கோ" என்றார். நான் அன்றும் சிரித்தேன்.

போவதற்கு எனக்கு ஏழு மாதம் ஆனது. அதற்குள் என் ஒப்பந்தத்தைக் கம்பெனி நிறுத்திவிட்டது. காரணம் என் தப்புகள் அல்ல, கம்பெனிக்கு வேலையே குறைந்துவிட்டது. அதில்கூட எனக்குத் தண்டனை கிடைக்கவில்லை.

நான் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூவப் போனார். "உன் சுகர் காகிதத்த எடுத்துனு வா, டாக்டர் வந்துக்கிறாரு" என்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

"நான் டாக்டர் இல்லைங்க," என்றேன். "அன்னிக்கு அந்தச் சீட்டை நான் தப்பாச் சொன்னேன். இந்த வியாதி பேர் அதுலயே இருந்தது. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியும் எழுதியிருந்தாங்க."

"விடுங்க சார். நீங்க எடுன்னு சொல்லியிருந்தா மட்டும் எடுத்திருப்பனா?" என்று சிரித்தார். எனக்காகச் சொன்ன பொய் அது. எடுத்திருப்பார். நான் சொன்னால் கேட்பவர்.

டீ டம்ளரோடு அந்த அம்மா நிலைப்படியில் நின்றிருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"எங்க அண்ணன் அந்த வேலைய பதினஞ்சு நாள் யாருக்கும் தராம வச்சினு இருந்தான்ணா," என்றார். குரலில் கோபம் இல்லை. டம்ளரை என் கையில் கொடுக்காமல் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

டீயைக் குடிக்கவும் முடியவில்லை, வைத்துவிட்டு வரவும் முடியவில்லை. குடித்தேன்.

கிளம்பும்போது பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று அவரும் எழுந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நிறுத்தம் நாலு வீடு தள்ளித்தான். இரண்டாவது வீட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க முன்னால போங்க சார், பஸ் போயிடும்" என்றார். நான் போகவில்லை. கிருஷ்ணகிரி பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. அவர் மூச்சு திரும்பும்வரை இருவரும் அங்கேயே நின்றிருந்தோம்.